பூரண சுகம்: ஒரு கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு ஸ்தோத்திரம். (வணக்கம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை பழக்கத்துக்குப் போய்விட்டது.) எங்களுக்கு நாசரேத் பக்கம், சிஎஸ்ஐ குடும்பம். மகளுக்கு இப்போது 3 வயது. பிறந்ததிலிருந்து மஞ்சள் இறங்கவே இல்லை. வெயிலில் காட்டினோம், கீழாநெல்லி கொடுத்தோம், அப்புறம்தான் பித்தக்குழாய் அடைபட்ட நோய் என்று தெரிந்தது. பித்தம் இறங்கக் குடலைக் கல்லீரலோடு இணைக்கும் கசாய் ஆபரேஷன் செய்தும் பலிக்கவில்லை. 14 மாதம் முன்பு என் மனைவி தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்து மாற்று அறுவை நடந்தது. நாலாவது மாதம் புதுக் கல்லீரலை உடம்பு ஏற்காத ரிஜெக்‌ஷன், மறுபடி அட்மிட், ஸ்டீராய்டு. இப்போது நன்றாக ஓடியாடுகிறாள்.

வருகிற அசனப் பண்டிகையில் (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், அதாவது கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன்னால் சொல்லவேண்டும். "கர்த்தர் பூரண சுகம் தந்தார்" என்று சொல்லவேண்டும் என்பது மாமியாரின் ஆசை. வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிற என் சித்தப்பா, பூரண சுகம் என்றால் மாத்திரை எதற்கு, அது அவிசுவாசம் இல்லையா என்கிறார். உண்மையைச் சொன்னால், ரிஜெக்‌ஷன் வந்த அந்தப் பத்து நாளும் எனக்கு ஜெபமே வரவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனைவிக்கு இது தெரியாது. இப்படிப்பட்டவன் மைக்கைப் பிடித்து என்ன சொல்வது? நீங்கள் கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பெயர் போடவேண்டாம்.

*

தம்பி,

சாட்சியைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் மாத்திரை. அதை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது, குறைக்கக்கூடாது, யார் கைவைத்து ஜெபித்தாலும் சரி.

இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் என் அக்கா. 19 வயதில் அவளுக்குக் கிட்னி மாற்றினார்கள், அம்மா கொடுத்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். மாற்றின உறுப்பை உடம்பு விரட்டாமலிருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் அப்போது எண்ணெய் மாதிரி சின்ன பாட்டிலில் வரும், நாற்றம் குடலைப் புரட்டும், பாலில் கலந்து கண்ணாடி டம்ளரில் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பாள். அந்த பாட்டிலுக்காக அப்பா விளை நிலத்தை விற்றார். ஒன்றரை வருடம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ஒரு ஜெபக்கூட்டத்தில், நீ சுகமாகிவிட்டாய் மகளே, இன்னும் ஏன் பாட்டிலை நம்புகிறாய் என்று கேட்டார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாள் நன்றாகவே இருந்தாள், அதுதான் கொடுமை. அந்தக் கொஞ்ச நாளில் போய் சாட்சியும் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு கால் வீங்கியது, அம்மாவின் கிட்னி போயிற்று, இரண்டு வருடம் டயாலிஸிஸ், அவளும் போனாள். கைவைத்து ஜெபித்தவர் அடக்கத்துக்கு வந்து கர்த்தருடைய சித்தம் என்றார். அன்றைக்கு நின்ற கால்தான் எனக்கு, இன்னும் கோயில் பக்கம் நகரவில்லை.

பூரண சுகம் என்று நாம் சொல்லுவது உடம்பின் காதில் விழாது. அம்மாவின் கல்லீரலே ஆனாலும் உங்கள் மகளின் உடம்புக்கு அது வெளியாள். விரட்டப் பார்ப்பதுதான் வெள்ளையணுக்களின் வேலை, அவை இல்லாவிட்டால் சளி காய்ச்சலுக்கே குழந்தை தாங்காது. அவள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரை அவற்றைக் கொல்வதில்லை, அரைத்தூக்கத்தில் வைக்கிறது. மருந்து கூடினால் தொற்று வரும், சிறுநீரகம் கெடும், குறைந்தால் ரிஜெக்‌ஷன். அதனால்தான் காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். இது உங்களுக்கே தெரியும், நாலாவது மாதத்தில் பார்த்துவிட்டீர்கள். சித்தப்பாவுக்காகத்தான் எழுதுகிறேன். அந்த மருந்து 1984ல் ஜப்பானில் சுகுபா என்ற இடத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. ஆதாமை உருவாக்கியதும் மண்ணிலிருந்துதானே சித்தப்பா என்று கேட்டுப் பாருங்கள். சிரிக்கமாட்டார், பரவாயில்லை. அதற்கும் மசியவில்லை என்றால், 1971ல் இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றிகரமாகக் கிட்னி மாற்றியது எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். வேலூர் சிஎம்சி. ஜெபம் பண்ணிவிட்டுக் கத்தி எடுக்கிறவர்கள் அவிசுவாசிகள் என்றால் அவர் வேலூருக்குப் போய் சொல்லட்டும்.

இனி சாட்சி. "கர்த்தர் பூரண சுகம் தந்தார்" என்ற வாக்கியத்தில் எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, அதில் உங்கள் மனைவியைக் காணோம். நல்ல உடம்பைக் கிழித்துக்கொண்டு மேஜையில் படுத்தவள் அவள், அவளுடைய வயிற்றுத் தழும்பு அந்த வாக்கியத்துக்குள் எங்கே இருக்கிறது? உங்கள் மகளுக்கு வந்த இதே நோயோடு அமெரிக்காவில் டென்வரில் 1963ல் ஒரு 3 வயதுக் குழந்தை. உலகத்தில் முதன்முதலாகக் கல்லீரல் மாற்ற முயன்றது அந்தக் குழந்தைக்குத்தான். ஸ்டார்ஸல் என்ற டாக்டர் செய்தார், ரத்தப்போக்கில் மேஜையிலேயே இறந்துபோயிற்று. அதற்கப்புறமும் அவர் விடவில்லை, 1967ல்தான் ஒரு குழந்தை பிழைத்து வருடம் தாண்டியது. நம் நாட்டில் 1998ல் டெல்லியில், காஞ்சிபுரத்திலிருந்து போன இரண்டு வயதுகூட ஆகாத பையன், அதே நோய், கொடுத்தது அப்பா. அந்தப் பையன் வளர்ந்து டாக்டராகிவிட்டார். இத்தனை பேரையும் கர்த்தர்தான் அனுப்பினார் என்று நீங்கள் நம்பினால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் அனுப்பப்பட்டவர்களை விட்டுவிட்டு அனுப்பியவரை மட்டும் சொன்னால் அது அரைச் சாட்சி.

இரண்டாவது அந்தத் "தந்தார்". முடிந்துபோன காரியம் மாதிரி இருக்கிறது. உங்கள் வீட்டில் எதுவும் முடியவில்லை, காலை எட்டு, ராத்திரி எட்டு என்று நடந்துகொண்டிருக்கிறது. மைக்கில் பூரண சுகம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அடுத்த முறை லிவர் டெஸ்டில் நம்பர் ஏறும்போது (ஏறும், எல்லார் வீட்டிலும் எப்போதாவது ஏறும்) ஊர் உங்களைத்தான் பார்க்கும். இவன் வீட்டில் என்ன பாவமோ என்பார்கள். வேதத்தில், எல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், திறந்ததும் உன் பாவம்தான் என்றார்கள்.

கோயிலுக்குப் போகாதவன் வேதத்தைக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளியில் படித்தது அப்படியே கிடக்கிறது. யவீரு என்பவரின் மகளை இயேசு எழுப்பின கதை மாற்கு சுவிசேஷத்தில் ஐந்தாம் அதிகாரம். செத்துப்போனாள் என்று ஊரே அழுத பெண் எழுந்து நடக்கிறாள். உடனே இயேசு சொல்வது இரண்டு விஷயம். இதை ஒருவருக்கும் தெரிவிக்காதீர்கள் என்பது ஒன்று. அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பது இன்னொன்று. முதலாவதை நம் ஆட்கள் யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் கதையே நமக்கு வந்திருக்காது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. அவ்வளவு பெரிய அற்புதம் பண்ணின கையோடு, பிள்ளைக்குப் பசிக்குமே என்று யோசிக்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள். மாத்திரை கொடுப்பதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், முகக்கவசத்தோடு ஓபியில் காத்துக்கிடப்பதும் அந்த இரண்டாவது கட்டளையைச் சேர்ந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். சித்தப்பா வேறு மாதிரி நினைக்கலாம்.

மாடிப்படிக்கு வருகிறேன். அதே மாற்கில் ஒன்பதாம் அதிகாரத்தில், வலிப்பு வருகிற பையனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அப்பா இருக்கிறார். விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கண்ணீரோடு ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லுகிறார். முதலில் போய் அவிசுவாசத்தைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கித்தான் அனுப்புகிறார். நீங்கள் பத்து நாள் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தீர்களே தவிர, ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விடவில்லை. மைக்கில் அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். மனைவியிடம் மட்டும் அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து அவள் அதைக் கேட்கக்கூடாது. சாட்சி சொல்லத்தான் வேண்டும் என்றால், இவள் கொடுத்தாள், பிள்ளை இன்று நன்றாயிருக்கிறாள், தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வரி போதும். பயமாக இருந்தால் சபைப் போதகர் ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

அசனத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சுடச்சுடப் பரிமாறினால் சரி, ஆறிப்போன கறியும் பானைத் தண்ணீரும் வேண்டாம். கூட்டத்தில் அம்மை போட்ட பிள்ளை யாராவது இருந்தது தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணவேண்டும். மாமியார் கல்லீரலுக்கு நல்லது என்று மறுபடி கீழாநெல்லி அரைக்கப் பார்த்தால் தடுத்துவிடுங்கள், மற்ற எந்த நாட்டு மருந்தும் கேட்காமல் கூடாது. பம்ளிமாஸ் பழமும் கூடாது, ரத்தத்தில் மாத்திரையின் அளவை அது ஏற்றிவிடும். பண்டிகை ராத்திரி எட்டு மணியைத் தாண்டி இழுக்கும், மாத்திரையை மறக்காமல் பையில் எடுத்துப் போங்கள்.