அடர்த்தி: கேளுங்கள், சொல்கிறேன்

பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: அடர்த்தி இவ்வளவு என்று யார் சொன்னாலும், எந்த வெப்பநிலையில் என்று கேளுங்கள்.

கே: ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாக்கெட்டை எடை போட்டால் 910 கிராம்தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. லிட்டர் என்பது எண்ணெய் அடைக்கும் இடம், கிராம் என்பது உள்ளே இருக்கும் சரக்கு. ஒரு மில்லி எண்ணெய் ஏறத்தாழ 0.91 கிராம், இதுதான் அதன் அடர்த்தி; 1000 மில்லிக்கு 910. லிட்டரும் கிலோவும் ஒன்று என்பது தண்ணீரைப் பார்த்து நமக்கு வந்த பழக்கதோஷம்.

ஆனால் வேறொரு தில்லுமுல்லு நடந்தது. எண்ணெய் சூடானால் விரியும், அடர்த்தி குறையும். சில பாக்கெட்டுகளில் 60 டிகிரியில் இத்தனை லிட்டர் என்று அச்சிட்டார்கள். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893. அதனால்தான் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலை போடாமல் அளவையும் எடையையும் அச்சிடச் சொன்னது.

கே: மோதிரம் அசல் தங்கமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா சார்?

ஓரளவு முடியும். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன தராசு வேண்டும். முதலில் மோதிரத்தை எடை போடுங்கள். ஒரு பவுன் என்றால் 8 கிராம். அப்புறம் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மோதிரத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்க விடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியைத் தட்டிவிடுங்கள். தராசு இப்போது 0.45 காட்டுகிறதா? அது மோதிரம் விலக்கிய தண்ணீரின் எடை; ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், அதுதான் மோதிரத்தின் பருமன், கன சென்டிமீட்டரில். 8-ஐ 0.45-ஆல் வகுத்தால் சுமார் 17.8, அதுதான் அடர்த்தி. 22 காரட் தங்கம், கலந்திருப்பது செம்பா வெள்ளியா என்பதைப் பொறுத்து, 17.6 முதல் 18 வரை வரும். 0.8 காட்டினால் விடை 10. அது தங்கமாக இருக்க வழியில்லை.

கல் வைத்தது, உள்ளே அரக்கு நிரப்பியது ஆகியவற்றுக்கு இது உதவாது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கம் 19.3. தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை வைத்தால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும்.

கே: இப்போது தங்கம் வாங்கலாமா?

நகைக்கடையில் கேளுங்கள்.

கே: ஒரு கிலோ இரும்பு, ஒரு கிலோ பஞ்சு, எது கனம்?

இதோடு மூன்று பேர் கேட்டாயிற்று. இரண்டும் ஒரு கிலோ.

கே: விதை நெல்லை உப்புத் தண்ணீரில் போடும்போது முட்டை எதற்கு?

நல்ல கேள்வி. முட்டைதான் அங்கே அடர்த்தி மானி. நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பு கரையக் கரைய தண்ணீரின் அடர்த்தி ஏறும். முட்டை மேலே வந்து நாணயம் அளவுக்குத் தலை காட்டும்போது நிறுத்துவார்கள். அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி பிடித்தது அடியில் தங்கும். பிறகு உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் முளைப்பு கெடும்.

கே: காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்குமாமே?

பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே பெரிய மாற்றமில்லை.

கே: (அதே நண்பர்) என் மாமா பங்க்கில் வேலை பார்க்கிறார். லாபம் என்றுதான் சொல்கிறார்.

மாமாவுக்காக 2 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். 5 லிட்டருக்கு 10 மில்லி. பைக் அரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடும்.

கே: (மீண்டும் அவரே) அப்படியென்றால் பங்க்கில் அடர்த்தி எழுதிப் போடுவது ஏன்?

கலப்படம் பார்க்க, தம்பி. அங்கே அடர்த்தி மானியும் வெப்பமானியும் இருக்கும், கேட்டால் சோதித்துக் காட்ட வேண்டும். அளந்ததை 15 டிகிரிக்கு மாற்றித்தான் ஒப்பிடுவார்கள். மாமாவிடமே கேட்டுப் பாருங்கள்.

கே: ஐஸ் ஏன் மிதக்கிறது?

உறையும்போது தண்ணீர் விரிகிறது. ஐஸின் அடர்த்தி 0.917, தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 1.

கே: சார், ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எத்தனை கிலோ?

முதல் கேள்வியைப் படியுங்கள். நல்லெண்ணெய்க்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். எந்த வெப்பநிலையில் என்று நீங்களாவது கேட்டிருக்கலாம்.