யார் முதலில் கிள்ளியது?

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 30 பிள்ளைகள். எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. "மிஸ், இவன் கிள்ளிட்டான்" என்று குரல் வந்தாலே பதறிப்போகிறேன். இருவரையும் நிறுத்தி விசாரித்து முடிப்பதற்குள் பாடவேளை போய்விடுகிறது. நாலு பேரோடு பிறந்த சக ஆசிரியை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தனிப்பிள்ளையாக வளர்ந்ததுதான் என் குறையா?
க.

அன்புள்ள க.,

குறை என்று சொல்ல ஆதாரமில்லை. 1986இல் டோனி ஃபால்போ, டெனிஸ் போலிட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 115 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிறரோடு பழகுவதில் தனிப்பிள்ளைகள் பெரிதாக வேறுபடவில்லை.

சீப்புக்கு அடித்துக்கொண்ட இருவர் பத்து நிமிடத்தில் ஒரே தட்டில் முறுக்கு தின்பதை நீங்கள் வீட்டில் பார்த்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். அதனால் சண்டை தானே அடங்கும் என்ற நம்பிக்கை சட்டென்று வருவதில்லை.

"யார் முதலில்?" என்று கேட்டதுமே சண்டைக்குக் காரணமான பென்சில் மறந்துபோகும், உங்களைத் தன் பக்கம் இழுப்பதுதான் சண்டையாகிவிடும். சாட்சி சொல்ல இன்னும் நாலு பேர் எழுந்து வருவார்கள். அடி, கடி, கையில் காம்பஸ், ஒருவரைப் பலர் சேர்ந்து ஒதுக்குவது என்றால் உடனே புகுந்துவிடுங்கள். மற்றதற்குப் பக்கத்தில் போய் நின்று, வாய் திறக்காமல் 30 வரை எண்ணுங்கள். அடங்காவிட்டால் "இப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேளுங்கள். களிமண்ணுக்குச் சண்டையா? ஒருவர் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். மேசையில் சீவிய பென்சில் ஐந்து கிடந்தால் பாதி வழக்கு வரவே வராது.

அதற்காக அந்தச் சக ஆசிரியையை அப்படியே பின்பற்ற வேண்டாம். தினமும் ஒரே பிள்ளைதான் கிள்ளு வாங்குகிறதா என்பது திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்!

நீங்கள் கேட்காத ஒன்று. பெரியவர்களின் முழுக் கவனத்தில் வளர்ந்தவர்கள் சிலர், வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதையே கொடுக்கப் பார்ப்பார்கள். நோட்டுக்கு 3 நிமிடம் என்றால் 30 நோட்டுக்கு 90 நிமிடம், பாடவேளையோ 40. சும்மா காத்திருக்கும் 29 பேரில்தான் கிள்ளல் தொடங்குகிறது. நாளுக்கு ஆறு நோட்டை மட்டும் முழுதாகத் திருத்துங்கள். ஐந்து நாளில் எல்லாருக்கும் ஒரு சுற்று வந்துவிடும். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொண்டு, கரும்பலகையில் இருக்கும் விடையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும்.

"மிஸ், நான் சரியா போட்டதுக்கு இவ தப்பு போட்டுட்டா" என்று அப்போதும் ஒரு குரல் வரும். 30 வரை எண்ணுங்கள்.