வந்த தேதி போட்ட கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் மகளிர் தின விழாவில் பேச எனக்கு ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மனநோயாளிகளுக்காகப் பாடுபட்ட டோரத்தியா டிக்ஸைப் பற்றித் தயார் செய்தேன். பெண்களுக்கே உரிய தாயுள்ளம்தான் அவரை அந்த வேலையில் இறக்கியது என்று நினைக்கிறேன். ஆனால் அவர் பெண்கள் வாக்குரிமைக்குக் குரல் கொடுக்கவில்லை, அடிமைமுறை பற்றி வாய் திறக்கவில்லை என்று படித்ததும் மனம் விட்டுப்போனது. அவரை விட்டுவிட்டு பத்திரிகையாளர் நெல்லி பிளையைப் பற்றிப் பேசலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஊரில் ஒரு தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

தாயுள்ளமா? யாரம்மா உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது? ஒரு பெண் எதைச் செய்தாலும் அதில் தாய்ப்பால் வாசனை பார்ப்பதை உங்கள் தலைமுறையாவது விடக்கூடாதா? டிக்ஸ் செய்தது கணக்குத் தணிக்கை மாதிரியான வேலை. 1841 மார்ச்சில் பாஸ்டன் பக்கத்தில் கிழக்கு கேம்பிரிட்ஜ் சிறைக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கப் போனார். மனநிலை தவறிய பெண்களை அங்கே கணப்பில்லாத அறையில் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, இவர்களுக்குக் குளிர் தெரியாது என்று பதில் வந்தது. அழுதாரோ என்னவோ, ஊர் ஊராகப் போய்க் குறிப்பெடுத்தார் என்பது மட்டும் நிச்சயம். 1843இல் மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு அவர் கொடுத்த மனுவை எடுத்துப் படித்துப் பாருங்கள். கான்கார்டு: ஏழைகள் விடுதியில் ஒரு பெண், கூண்டில். லிங்கன்: ஒரு பெண், கூண்டில். மெட்ஃபோர்டு: ஒருவர் சங்கிலியில், இன்னொருவர் 17 வருடமாக ஒரு கொட்டடியில். மளிகைக் கடைச் சிட்டை மாதிரி இருக்கும். அதனால்தான் அது சுட்டது. அந்த மனுவைச் சபையில் அவர் வைக்க முடியாது, பெண். சாமுவேல் கிரிட்லி ஹோ என்ற மனிதர்தான் கொண்டுபோய் வைத்தார்.

வாக்குரிமையை விடுங்கள். அடிமைமுறையில் அவர் மௌனம் குறைதான். தெற்கு மாநிலச் சட்டசபைகளிடம் மருத்துவமனைக்குக் காசு கேட்டுப் போனவர், வாயைக் கட்டிக்கொண்டார். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள். நெல்லி பிளை 1887இல் பைத்தியம் போல நடித்து நியூயார்க்கில் ஒரு மனநல விடுதிக்குள் பத்து நாள் இருந்தார். துணிச்சல்காரிதான். ஆனால் பத்திரிகை வந்து வெளியே எடுத்துவிடும் என்று தெரிந்து உள்ளே போனவர் அவர்.

அது தெரியாமல் உள்ளே போன ஒருத்தி இருந்தார். நீங்கள் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொல்லத்தான் போகிறேன்.

இல்லினாய்ஸ் சட்டசபையை 1847இல் டிக்ஸ் விடாப்பிடியாகப் பிடித்துக் கேட்டதால்தான் ஜாக்சன்வில் ஊரில் மாநில மனநல மருத்துவமனை எழுந்தது. 1851இல் அந்த மாநிலம் ஒரு சட்டமும் போட்டது. மற்றவர்களை அனுமதிப்பதற்குச் சித்தம் கலங்கியதற்கான சாட்சியம் வேண்டும். கல்யாணமான பெண்ணுக்கும் குழந்தைக்கும் மட்டும் அது வேண்டாம். புருஷனோ காப்பாளரோ கேட்டு, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தலையாட்டினால் போதும்.

எலிசபெத் பக்கார்டு ஒரு பாதிரியாரின் மனைவி, ஆறு பிள்ளைகளின் தாய். பிறக்கும்போதே மனிதன் பாவி என்று கணவர் போதித்ததை, தேவாலயத்தின் பைபிள் வகுப்பில் எழுந்து மறுத்தார். 1860 ஜூன் 18 அன்று அவரை ரயிலேற்றி ஜாக்சன்வில்லில் விட்டார்கள். மூன்று வருடம் உள்ளே இருந்தார். கூண்டிலிருந்தவர்களை மீட்க ஒரு பெண் கட்ட வைத்த வீட்டில்தான் இன்னொரு பெண்ணை வைத்துப் பூட்டினார்கள். டிக்ஸ் நல்லவர். ஆனால் நல்ல கட்டடமும் நல்ல டாக்டரும் இருந்தால் போதும் என்று நம்பினார். உள்ளே இருப்பவர் வாய் திறந்து ஏதாவது சொல்லக்கூடும், அது நியாயமாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு அவர் திட்டத்தில் இடமில்லை.

பக்கார்டு உள்ளேயிருந்து எழுதிய கடிதங்கள் வெளியே போகவில்லை. காகிதம் கொடுக்க மறுத்தார்கள், ஒளித்து ஒளித்து எழுதினார். 1863இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவர் அங்கேயும் அறையில் போட்டுப் பூட்டி, ஜன்னலுக்கு ஆணி அடித்தார். அந்த ஜன்னல் வழியாக ஒரு கடிதம் எப்படியோ வெளியே போய்த் தோழி கைக்குச் சேர்ந்தது. அப்புறம்தான் நீதிபதி, கோர்ட்டு எல்லாம். 1864 ஜனவரியில் கான்ககீயில் விசாரணை. எதிராகச் சாட்சி சொன்ன ஒரு டாக்டர், தையல் மெஷின் ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டு வந்து அவரிடம் பேச்சுக் கொடுத்தவர். இவருக்குப் பைத்தியம் என்பதற்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று, தன்னைப் பைத்தியம் என்று சொன்னால் இவருக்குப் பிடிப்பதில்லை என்பது! ஜூரிக்கு ஏழு நிமிடம்தான் தேவைப்பட்டது, உங்கள் பேச்சுக்குக் கொடுத்த நேரம். சித்தம் தெளிவாக இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. வீட்டுக்குப் போனால் வீடு இல்லை. கணவர் அதை வாடகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மாசசூசெட்ஸுக்குப் போயிருந்தார். சட்டப்படி பிள்ளைகளும் சொத்தும் கணவருடையவை.

சரி, தகரப் பெட்டி. என் அத்தை ஒருத்தி, அப்பாவின் அக்கா, நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் இருந்தாள். எங்கே என்று சொல்ல மாட்டேன். திரும்பி வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “என் லெட்டர் வந்துச்சா?” என்பதுதான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் தபாலில் சேர்க்கவில்லை என்றே இத்தனை வருடமும் நாங்கள் நினைத்திருந்தோம். போன மாதம் தாத்தாவின் பெட்டியைத் திறந்தால், ரசீதுகளுக்கு அடியில் பதினோரு நீல இன்லண்டு லெட்டர். எல்லாம் பிளேடால் ஓரம் வெட்டிப் பிரித்தவை. ஒவ்வொன்றின் மேலும் தாத்தாவின் சிவப்பு மசியில் ‘வந்தது’ என்று எழுதித் தேதி. கரண்டு பில்லுக்கும் அப்படித்தான் போடுவார். ஒன்றில் அத்தை என் அப்பாவுக்கு எழுதியிருக்கிறாள்: தம்பி, தலை காய்ந்து சடை விழுந்துவிட்டது, யாராவது வந்தால் ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொடுத்தனுப்பு. அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. அவரிடம் காட்டவில்லை.

ஊரிலிருந்து திரும்பி உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். இப்போது புரிகிறதா, ஏன் பக்கார்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று?

அந்த அம்மாள் வெளியே வந்து தன் புத்தகங்களைத் தானே விற்றுச் சாப்பிட்டபடி மாநிலம் மாநிலமாக அலைந்தார். 1867இல் இல்லினாய்ஸில், ஜூரி விசாரணை இல்லாமல் யாரையும் உள்ளே தள்ளக்கூடாது என்று சட்டம் வந்தது. 1872இல் அயோவாவில் வந்த சட்டம்தான் எனக்கு அதைவிடப் பெரிது. உள்ளே இருப்பவர் வெளியே கடிதம் எழுதலாம், நிர்வாகம் தடுக்கக்கூடாது. கண்காணிப்புக் குழு வேண்டும், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். ஜூரி சட்டத்தால் நோயாளிகளைக் குற்றவாளிபோல் கோர்ட்டில் நிறுத்தவேண்டி வந்தது என்று டாக்டர்கள் சினந்தார்கள், அதிலும் நியாயம் உண்டு. கடித விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அயோவாவில் போட்டது கடிதம் வெளியே போவதற்கான சட்டம். வந்த கடிதத்துக்குத் தேதி போட்டு ரசீதுக்கு அடியில் வைக்கிறவருக்கு எந்த ஊரில் என்ன சட்டம் போடுவார்கள்?

டிக்ஸைப் பற்றியே பேசுங்கள். கடைசி ஆறு வருடம் அவர் நியூஜெர்சியில் ட்ரென்டன் மருத்துவமனையில் தங்கியிருந்து 1887இல் அங்கேயே இறந்தார். என் தலைச்சன் பிள்ளை என்று அவர் சொல்லிக்கொண்ட மருத்துவமனை அது. (தெரியும், தாயுள்ளம் என்பீர்கள். பேசாமல் இருங்கள்.) ஏழு நிமிடத்தில் நான்கை அவருக்குக் கொடுத்து, மூன்றை ஜாக்சன்வில்லுக்கு வையுங்கள்.

பேசி முடித்ததும் எப்படிப் போனது என்று எழுதுங்கள். நான் பதில் போட்டுவிடுவேன்.