வடமாநிலப் பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லையா? வாசலில் இருந்து தொடங்குங்கள் டீச்சர்

கேள்வி: திருப்பூர் புறநகரில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்தில் இருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். பெற்றோர் கூட்டத்துக்கு அவர்கள் வருவதே இல்லை. வந்தாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பார்க்கிறார்கள், பதில் வராது. எனக்கு இந்தியும் தெரியாது. என்ன செய்யலாம்?

பதில்:

அக்கறை இல்லாதவர்கள் பிள்ளையை ஊரிலேயே பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். கூடவே கூட்டிவந்து, தெரியாத ஊரில் பள்ளி எங்கே என்று விசாரித்துச் சேர்த்திருக்கிறார்கள் என்றால் அக்கறை இருக்கிறது. அவர்களைத் தடுப்பது மொழி மட்டும் இல்லை, நேரமும் பயமும்தான். எனவே இந்தி கற்றுக்கொள்வதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் நேரம். உங்கள் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு என்றால், பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் அப்பாவுக்கு அது அரை நாள் கூலி. தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலையில் இருக்கும் அம்மாவால் ஒன்றரை ஷிஃப்ட் முடியாமல் வெளியே வர முடியாது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு, இதுதான் அவர்கள் வாரம். பருவத்துக்கு ஒரு முறை ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கூட்டம் வைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கும் அது விடுமுறை நாள் என்று தெரியும், அதனால்தான் அடிக்கடி வேண்டாம் என்கிறேன். அதைவிட எளிய வழி ஒன்று ஏற்கெனவே உங்கள் பள்ளியிலேயே இருக்கிறது. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, வேலைக்குப் போகும் வழியில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகும் பெற்றோரை அந்த நேரத்தில் வாசலிலேயே பார்க்கலாம். வாரத்தில் இரண்டு நாள் பத்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். ‘தீதி’ (அக்கா), ‘பையா’ (அண்ணா) என்று கூப்பிடுங்கள், ஒடிசாக்கார அண்ணன் என்றால் ‘பாய்னா’. பிள்ளை நேற்று நன்றாகச் செய்த ஒன்றைக் காட்டுங்கள். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தில் விரல் வைத்துச் சிரித்தால் போதும், அதற்கு மொழி வேண்டாம். பள்ளியில் இருந்து கூப்பிட்டாலே புகார் அல்லது பணம் என்று நினைக்கிறவர்களிடம் முதல் சில பேச்சு நல்ல சேதியாகவே இருக்க வேண்டும்.

அப்புறம் மொழி. எல்லாருக்கும் இந்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பீகார் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ பேசலாம், ஜார்கண்ட் குடும்பம் என்றால் சந்தாலியாக இருக்கலாம், ஒடியாக்காரருக்கு இந்தி அரைகுறையாக மட்டுமே தெரிந்திருக்கலாம். சேர்க்கையின்போதே “வீட்டில் என்ன பேசுவீர்கள், படிக்கத் தெரியுமா, போன் யார் கையில் இருக்கும்” என்று மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். பல வீடுகளில் ஒரே போன்தான், அது அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அனுப்பினால்தான் அம்மா கேட்பார். எழுத்தாக அனுப்புவதைவிடக் குரல் செய்தி நல்லது, படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும்.

கூகுள் மொழிபெயர்ப்பில் இந்தி, வங்காளம், ஒடியா மூன்றும் இருக்கின்றன, போஜ்புரி, மைதிலிகூட இருக்கின்றன. ஆனால் நம் சுற்றறிக்கைத் தமிழைப் போட்டால் குழம்பிவிடும். “மாணவர்கள் தம் பெற்றோருடன் தவறாது வருகை புரியக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: “திங்கள்கிழமை. தேதி 14. காலை 8.30 மணி. நீங்கள் பள்ளிக்கு வாருங்கள். 15 நிமிடம் போதும். பணம் கட்ட வேண்டாம்.” சின்னச் சின்ன வாக்கியம், யார் செய்ய வேண்டும் என்பது தெளிவாக, தேதி எண்ணில். வந்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், பொருள் மாறியிருந்தால் உடனே தெரியும். “பணம் கட்ட வேண்டாம்” என்ற கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், வருவதா வேண்டாமா என்று தயங்குகிறவருக்கு அந்த ஒரு வரி போதும்.

முக்கியமான பேச்சுக்கு ஆள் வேண்டும். பிள்ளையையே மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ஆக்காதீர்கள். “நாளைக்கு லீவு” என்று சொல்ல வைப்பது பரவாயில்லை, மார்க், நடத்தை, உடம்புக்கு முடியாதது போன்றவற்றில் அது பிள்ளைக்கும் பாரம், பெற்றோருக்கும் தலைக்குனிவு. கான்ட்ராக்டரையும் கூப்பிட வேண்டாம். தமிழ் நன்றாகப் பேசுவார்தான், ஆனால் வேலை கொடுத்தவரும் சில இடங்களில் ரூம் பிடித்துக் கொடுத்தவரும் அவரேதான், அவர் முன்னால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். லைன் வீட்டில் பல வருடமாக இருக்கும், தமிழ் பழகிய ஓர் அம்மா கட்டாயம் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

வந்தவர்களை வெறுமனே உட்கார வைக்காதீர்கள். அமெரிக்காவின் டூசான் நகரில் கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோல் குழுவினர் 1990களில் ஆசிரியர்களையே மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பி, அங்கே என்னென்ன தொழில் அறிவு இருக்கிறது என்று பார்த்துவரச் செய்து, அதையே பாடத்தில் சேர்த்தார்கள். உங்களுக்கு அது எளிது. துணி வெட்டும் கட்டிங்கில் வேலை பார்க்கும் ஓர் அப்பாவை கணக்கு வகுப்புக்குக் கூப்பிடுங்கள். டஜன் கணக்கில் பீஸ் எண்ணுவது, இன்ச் டேப்பால் மார்பளவு எடுப்பது, துணி வீணாகாமல் அடுக்குவது, இதை அவர் கையால் செய்து காட்டட்டும். 12ஆம் வாய்ப்பாடு அன்றைக்கு எல்லாப் பிள்ளைக்கும் புரியும், அவர் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

இன்னொன்று, இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். “வீட்டில் தமிழே பேசுங்கள்” என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். உடைந்த தமிழில் பேசும் அம்மாவால் கதை சொல்ல முடியாது, ஏன் எதற்கு என்று விளக்க முடியாது, பிள்ளைக்குப் பேச்சே குறைந்துவிடும். அவர்கள் மொழியிலேயே கதை சொல்லட்டும், எண்ண வைக்கட்டும், “இன்றைக்கு என்ன படித்தாய்” என்று கேட்கட்டும். ஒரு மொழியில் ஊன்றிய சிந்தனை அடுத்த மொழிக்கும் உதவும். தமிழுக்குப் பள்ளியும் தெருவும் இருக்கின்றன.

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வராத பிரச்சினையும் உங்களுக்கு இருக்கும். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகாரில் சட் பூஜை, வங்காளிகளுக்குத் துர்கா பூஜை, மேற்கு ஒடிசாவில் நுவாகாய். கண்டிப்பதைவிட, திரும்பும் ரயில் எந்தத் தேதி என்று கேட்டு, எழுதிப் பார்க்க இரண்டு பக்கம் கொடுத்தனுப்புங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சேர்க்கைக்கு ஆதார் கட்டாயம் இல்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்த மூன்றையும் அவர்கள் மொழியில் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினால் பாதிப் பயம் போகும். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவை எல்லார் முன்னாலும் கைநாட்டு வைக்கச் சொல்ல வேண்டாம், தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த முறை குழு அமைக்கும்போது லைன் வீட்டு அம்மா ஒருவராவது அதில் இருக்க வேண்டும். அவரை இப்போதே கண்டுபிடித்து, இந்த வாரமே ஒரு நாள் காலையில் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்க வரச் சொல்லுங்கள்.