எடிட்டிங்கில் சேர்ந்தால் டைரக்‌ஷன் கனவு போய்விடுமா?

கேள்வி: விஸ்காம் முடித்துவிட்டுச் சென்னையில் இருக்கிறேன். இயக்குநர் ஆவதுதான் ஆசை. உதவி இயக்குநர் வாய்ப்பு கேட்டு ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இப்போது ஒரு எடிட்டர் தன்னிடம் உதவியாளராகச் சேரச் சொல்கிறார். ‘சேர்ந்தால் கடைசிவரை எடிட்டர்தான்’ என்று அறை நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகர், வளசரவாக்கம்

பதில்: சேருங்கள் தம்பி.

இயக்குநர் பீம்சிங், இரட்டை இயக்குநர்கள் கிருஷ்ணன்–பஞ்சுவிடம் உதவி எடிட்டராக இருந்தவர். எஸ்.பி.முத்துராமன் ஏவி.எம். எடிட்டிங் பிரிவில் தொடங்கியவர். பீம்சிங்கின் மகன் பி.லெனின், எடிட்டராகக் கொடிகட்டிப் பறந்த பிறகு படம் இயக்கி, 2001-ம் ஆண்டுக்கான சிறந்த இயக்குநர் தேசிய விருதை வாங்கினார். இவர்கள் மேல் விழாத முத்திரை உங்கள் மேல் மட்டும் ஏன் விழப்போகிறது?

ஆரம்பத்தில் வேலை சலிப்பாகத்தான் இருக்கும். கிளாப்பைப் பார்த்துப் படத்தையும் ஒலியையும் சிங்க் செய்வது (ஒன்றோடொன்று பொருத்துவது), ஸ்பாட்டில் ஷாட் விவரம் குறித்த ரிப்போர்ட் ஷீட்டோடு ஒப்பிட்டுக் காட்சிவாரியாகப் பிரித்து வைப்பது, ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. ஆனால் ஒரு இயக்குநர் எடுத்தது முழுவதையும் பார்க்கிற ஆள் நீங்கள்தான். ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன் நடிகரிடம் அவர் என்ன திருத்தம் சொன்னார், அடுத்த டேக்கில் அது எப்படி வந்தது என்பதெல்லாம் அந்த ரஷ்ஷில், அதாவது வெட்டாத பதிவில், இருக்கும். ஸ்பாட்டில் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நிற்கும் உதவி இயக்குநருக்கு இது காதில்கூட விழாது.

கொஞ்சம் கை பழகியதும், படப்பிடிப்பு இடத்திலேயே உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பார்க்கும் ஸ்பாட் எடிட்டராகப் போகக் கேளுங்கள். உங்கள் ஆசைக்கு அதைவிடப் பொருத்தமான நாற்காலி இல்லை. ஹீரோ வசனம் பேசிவிட்டு எழுந்து போகிறார் என்று வையுங்கள். வைடு ஷாட்டில் பாதி வசனத்திலேயே எழுந்துவிட்டார். குளோசப்பில் முடித்துவிட்டு எழுகிறார். எடுத்த சூட்டில் லேப்டாப்பில் ஒட்டிப் பார்த்தால் ஜம்ப் அடிப்பது தெரியும். லைட்டைக் கலைப்பதற்குள் சொல்லிவிட்டால் ஒரு ரீடேக்கோடு போயிற்று. செட்டைப் பிரித்த பிறகு தெரிந்தால், அந்த இடத்தில் எதிரில் இருப்பவரின் முகத்தை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். எந்த ஷாட் தேவை, எது வீண் என்பது இப்படித்தான் புத்தியில் ஏறும்.

ஒன்றை மட்டும் எடிட்டிங் அறை கற்றுத்தராது. மனிதர்களை மேய்ப்பது. மூட் சரியில்லாத நடிகர், சாயும் வெயில், ‘இன்னும் எத்தனை ஷாட்?’ என்று வாட்சைப் பார்க்கும் மேனேஜர். இதற்காகவே இடையிடையே குறும்படம் எடுங்கள். செல்போனில் எடுத்தாலும் சரி. எடுத்ததை நீங்களே வெட்டாதீர்கள், வேறொருவரிடம் கொடுங்கள். வெயிலில் நின்று கஷ்டப்பட்டு எடுத்த ஷாட்டை அவர் கண்ணைச் சிமிட்டாமல் தூக்குவார். கோபம் வரும், வரட்டும்.

அறை வாடகை கட்டுவதற்காகக் கல்யாண வீடியோ, யூடியூப் சேனல் வேலை செய்யலாம், தப்பில்லை. ஆனால் சீசன் வந்தால் அதுவே முழுநேரத் தொழிலாகிவிடும், ஜாக்கிரதை.

சேருவதற்கு முன் அந்த எடிட்டரிடம் கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: மாதச் சம்பளமா, படத்துக்கு இவ்வளவு என்றா? டைட்டிலில் பெயர் வருமா? இயக்குநர் வந்து உட்காரும் நாட்களில் நானும் உள்ளே இருக்கலாமா? மூன்றாவதற்கு ‘சரி’ என்றால், முதல் இரண்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள்.