மார்ச் கடைசியில் ஃபார்மிங்டன் ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போலக் கட்டிய தூண்டிலை வீசி மீன் பிடிப்பது) தொடங்கலாமா, மே மாதம் வரை பொறுக்க வேண்டுமா?

தொடங்கலாம். ஆனால் வீட்டில் "மீன் பிடிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். "ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள், மரியாதையாகத் திரும்பி வரலாம். நான் கனெடிகட் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மார்ச் மாதத்தில் ஒரு மீன்கூடக் கடிக்காத நாள்கள்தான் எனக்கு அதிகம். (பிடித்ததை அங்கேயே விட்டுவிட வேண்டிய ஆறு என்பதால் எப்படியும் வெறுங்கைதான், அது வேறு விஷயம்.)

ஹார்ட்ஃபோர்டில் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், தூண்டில் கம்பு வாங்கியாயிற்று, புல்வெளியில் வீசிப் பழகியாயிற்று, இப்போது எந்தத் தேதியில் ஆற்றில் இறங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தேதியை விடுங்கள். இந்த ஆற்றில் வசந்தத்தின் தொடக்கத்தை இரண்டு எண்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும்: வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் ஓடுகிறது, அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரி.

கன அடி என்றதும் மேட்டூர் அணை நீர்வரத்துச் செய்தி நினைவுக்கு வந்திருக்கும். அதே கணக்குதான், அளவுதான் சின்னது. நாம் மீன் பிடிக்கும் மேற்குக் கிளை குட்வின் அணையிலிருந்து வருகிறது. அதற்கும் மேலே கோல்புரூக்கில் இன்னோர் அணை. 1955 ஆகஸ்டில் அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களில் இந்தப் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் நாசமானது. அதன் பிறகு வெள்ளத்தைத் தடுக்க ராணுவப் பொறியாளர்கள் கட்டி 1969இல் முடித்ததுதான் அந்தக் கோல்புரூக் அணை. மழை கொட்டும்போது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கீழே ஆறு வடிந்த பிறகு திறந்துவிடுவார்கள். அதனால் நல்ல வெயில் அடிக்கும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது, ஆறு மட்டும் கரை தொட்டு ஓடும். இது தெரியாமல்தான் என் முதல் மார்ச்சில் மாட்டிக்கொண்டேன்.

சொல்கிறேன். சனிக்கிழமை, பளிச்சென்று வெயில். ப்ளெசன்ட் வேலி பாலத்துக்கு மேலே காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் கல் தெரிந்தது. தெளிந்த தண்ணீரில் ஆழம் குறைவாகத்தான் தெரியும் என்பது தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் அன்றைக்கு மறந்துவிட்டது. தொடைவரை போனேன். அடுத்த கல் உருண்டது. உட்கார்ந்தபடியே பத்தடி தூரம் போனேன். வேடர்ஸ் (தண்ணீர் புகாத, நெஞ்சுவரை வரும் உடை) மேல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்ததால் உள்ளே அதிகம் தண்ணீர் புகவில்லை. அந்தப் பட்டை இல்லையென்றால் இந்தப் பதிலை யாரோ வேறு ஆள்தான் எழுதியிருப்பார். கரையில் நின்ற ஒரு பெரியவர் கம்பை நீட்டி இழுத்துவிட்டார். "அணையைத் திறந்திருக்கிறார்கள், போனில் பார்க்கவில்லையா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு, திரும்பப் போய் வீச ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஈரமான பருத்திச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஆற்றுக்குப் பருத்தி உடுத்துவதில்லை. கம்பளி அல்லது பாலியஸ்டர்தான். ஊன்றுகோல் ஒன்றும் உண்டு.

போனில் பார்ப்பது எப்படி? அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஆற்றில் அளவுமானிகள் வைத்திருக்கிறது, எண்கள் இணையத்தில் இலவசம். அணைக்குச் சற்றுக் கீழே இருக்கும் ரிவர்ட்டன் மானியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். அது பெரும்பாலும் அணை விடும் தண்ணீர். ரிவர்ட்டனுக்குக் கீழே ஸ்டில் நதி வந்து சேர்கிறது. பெயர்தான் அசையாத நதி. அதன் வேகத்தை அடக்க இந்த அளவுக்கு அணை எதுவும் இல்லை, ஒரு மழைக்கே மடமடவென்று ஏறிவிடும். ஆகவே ப்ளெசன்ட் வேலிக்குப் போவதானால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரிவர்ட்டனில் 300, ஸ்டில் நதியில் 150 என்றால் உங்கள் காலடியில் ஓடுவது 450. கூட்டுத்தொகை 250லிருந்து 400வரை இருந்தால் புதியவர் நிம்மதியாக நிற்கலாம். 600 தாண்டினால் நான் கரையை விட்டு நகர மாட்டேன். 1000 என்றால் வீட்டில் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் பூச்சி கட்டுவேன். இது என் உயரத்துக்கும் என் முழங்காலுக்கும் ஏற்ற கணக்கு. நீங்கள் முதல் வருடம் இன்னும் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெப்பநிலை. இதுதான் சுவாரசியமான இடம்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் (இங்கே சொல்லும் ஃபாரன்ஹீட்டில் 39) மிகவும் கனமாக இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். குளிர்காலம் முழுக்க நீர்த்தேக்கத்தின் மேலே ஐஸ் மூடியிருக்க, அடியில் அந்த 4 டிகிரித் தண்ணீர் படுத்திருக்கும். குட்வின் அணை அடியிலிருந்து திறக்கிற அணை. அதனால் ஜனவரியில் மற்ற ஆறுகள் உறைந்து கிடக்கும்போது இது உறையாமல் ஓடுகிறது, சரி. ஆனால் ஏப்ரலில் மற்ற ஆறுகள் சூடாகும்போது இது மட்டும் சோம்பேறியாகக் குளிர்ந்தே கிடக்கும். ஸ்டில் நதி இதிலும் குறுக்கே வருகிறது. மார்ச்சில் பனி உருகும்போது ஐஸ் தண்ணீரைக் கொண்டு வந்து கொட்டும். ஏப்ரல் வெயிலில் அதே நதிதான் அணைத் தண்ணீருக்குக் கொஞ்சம் சூடு ஏற்றும்.

நாம் தேடிப் போகும் ட்ரவுட் மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக இல்லை, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 40 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே செரிமானமே மந்தம். பசி எடுக்காது, துரத்தாது. மூக்குக்கு நேராக வந்தால் வாயைத் திறக்கும். 50ஐ, அதாவது 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் அதற்கும் வசந்தம். இதில் எண்ணைவிட அது போகிற திசை முக்கியம் என்பது என் அனுபவம். நேற்று 38, இன்று 41 என்று ஏறிக்கொண்டிருந்தால் நம்பிப் போவேன். நேற்று 46 இருந்து இன்று 42க்கு இறங்கியிருந்தால், எண்ணில் அதிகம்தான், ஆனாலும் மீன் வாயை மூடிக்கொண்டிருக்கும். இரவில் ஐஸ் மழை பெய்துவிட்டு மறுநாள் வெயில் அடிக்கிற நாள் இந்த வகை. பார்க்க அழகான நாள், பிடிக்க மோசமான நாள்.

ஆகவே விடியற்காலையில் எழுந்து ஓடாதீர்கள். ஊரில் தூண்டிலுக்குப் போவதென்றால் அப்பா நான்கு மணிக்கு எழுப்புவார். இங்கே மார்ச்சில் அது வீண். பதினொரு மணிக்கு ஆற்றில் இருந்தால் போதும், நான்கு மணிக்குள் கிளம்பிவிடலாம். வெயில் ஏறி அந்த இரண்டு மூன்று டிகிரி கூடும் நேரம் அதுதான். காலையில் காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் கம்பின் வளையங்களில் ஐஸ் கட்டித் தூண்டில் நரம்பு நகராது, வளையத்துக்கு வளையம் விரலால் உடைத்துக்கொண்டிருப்பீர்கள். சனிக்கிழமைத் தோசையைச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.

மீன் எங்கே இருக்கும்? சலசலக்கும் இடத்தில் தேடாதீர்கள், அது மே மாதத்துக்கு. இப்போது மடுவின் ஆழத்தில், ஓட்டம் நடந்து போகும் வேகத்துக்குக் குறைந்த இடத்தில் படுத்திருக்கும். அது மேலே வராது, உங்கள் பூச்சிதான் கீழே போக வேண்டும். அடியில் உருளும் நிம்ஃப்தான் (தண்ணீருக்குள் வாழும் இளம் பூச்சி போலக் கட்டியது) மார்ச்சில் சோறு போடும். ஃபெசண்ட் டெயில் ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. நூலே கிடையாது, செம்புக் கம்பியும் ஃபெசண்ட் பறவையின் வால் இழையும்தான். அதற்கு மேலே பெரிய ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் ஒன்று, கனத்துக்கு. ஒரு ஈயக்குண்டு. மேலே தக்கை. ஆமாம், தக்கைதான். இங்கே இண்டிகேட்டர் என்று கௌரவமாகச் சொல்வார்கள். சின்ன வயதில் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி மண்புழு கோத்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. (அந்த மயில்தோகை இழையை இங்கே பூச்சி கட்டுவதற்காகப் பாக்கெட்டில் போட்டுக் கடையில் தொங்கவிட்டிருப்பார்கள். முதல் தடவை விலையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.) ஒரே வித்தியாசம், நம் ஊர்க் கெளுத்தி இழுப்பதுபோல் தக்கை முங்காது. போகிற போக்கில் ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்துக்கே கம்பைத் தூக்க வேண்டும். பாதி நேரம் கல்லாக இருக்கும்.

மேலே மீன் வரும் நாளும் உண்டு. அதற்குப் பூச்சி கிளம்ப வேண்டும். முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புமே, கோழியும் காக்கையும் ஓடி வருமே, அதையே ஆற்றில் கற்பனை செய்துகொள்ளுங்கள். மார்ச்சில் கருப்பு ஸ்டோன்ஃப்ளைகள் பனி மேலேயே ஊர்ந்து திரியும். குளிர்காலக் கேடிஸ் என்று ஒரு சின்னப் பூச்சி உண்டு, இந்தக் குளிரில் அதன் பெண்ணுக்கு இறக்கையே இருக்காது, தண்ணீர் மேல் ஓடும். மப்பும் தூறலுமான நாளில் பேட்டிஸ் எனும் ஆலிவ் நிறப் பூச்சிகள். இதெல்லாம் முன்னோட்டம்.

எல்லோரும் காத்திருப்பது ஹெண்ட்ரிக்சன் என்ற பூச்சிக்கு. தண்ணீர் 50 ஃபாரன்ஹீட்டை எட்டியதும், பெரும்பாலும் மதியம் இரண்டு மணி வாக்கில், கப்பல் பாய் விரித்த மாதிரி இறக்கையை நிமிர்த்திக்கொண்டு மிதந்து வரும். நியூயார்க்கின் கேட்ஸ்கில் பக்கம் ராய் ஸ்டீன்ராட் என்பவர் இதைப் பார்த்துக் கட்டிய தூண்டில் பூச்சிக்குத் தன் நண்பரின் பெயரை வைத்தார். கடைசியில் அசல் பூச்சிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெண் பூச்சியின் வயிற்றில் ஒரு மங்கலான இளஞ்சிவப்பு உண்டு. அந்த நிறத்துக்காகப் பெண் நரியின் மூத்திரம் பட்டுச் சாயமேறிய மயிரைத் தேடி வாங்கினவர்கள் இருக்கிறார்கள். நான் சாயம் போட்டதை வாங்குகிறேன், மீன் இதுவரை புகார் சொன்னதில்லை.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. அணைப் பக்கம் குளிர், கீழே போகப் போகச் சூடு என்றேன் அல்லவா? அதனால் ஹெண்ட்ரிக்சன் ஆறு முழுக்க ஒரே நாளில் வராது. சுமாராக ஏப்ரல் நடுவில் கீழே யூனியன்வில், காலின்ஸ்வில் பக்கம் ஆரம்பிக்கும். சில நாள் கழித்து நியூ ஹார்ட்ஃபோர்ட், ப்ளெசன்ட் வேலி. ரிவர்ட்டனுக்கு ஏறும்போது மே பிறந்திருக்கும். தண்ணீர் கீழ்நோக்கி ஓட, வசந்தம் மேல்நோக்கி ஏறுகிறது. கீழே தவறவிட்டால் காரை எடுத்துக்கொண்டு ஐந்தாறு மைல் மேலே போனால் போதும், விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். இயற்கை இவ்வளவு பெரிய மனதோடு இரண்டாம் வாய்ப்புக் கொடுக்கும் ஆறுகள் அதிகம் இல்லை.

எனவே மார்ச் கடைசியில் நான்கைந்து தடவை போங்கள், ஆனால் பழகுவதற்காக. எந்தக் கல் வழுக்கும், எந்த மடுவில் மீன் படுக்கும், மதியத்தில் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பாருங்கள். புதுப் பூச்சி வாங்கும் முன் ஒரு சின்ன வெப்பமானி வாங்குங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு வேலைநாள் மதியம் விடுப்பு எடுக்கப் பாருங்கள். சனி ஞாயிறு என்றால் கூட்டத்தில் கம்பை வீச இடம் கிடைக்காது.

சில்லறை விஷயங்கள். லைசென்ஸ் மட்டும் போதாது, அதோடு ட்ரவுட் முத்திரையும் வாங்க வேண்டும், தனிக் கட்டணம். ப்ளெசன்ட் வேலிப் பகுதி வருடம் முழுக்கப் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டிய பகுதி. அங்கே தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் குத்தை இடுக்கியால் நசுக்கியிருக்க வேண்டும். மீனை ஈரக் கையால் தொடுங்கள், காற்று உறைநிலையில் இருந்தால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம், செவுள் கெட்டுவிடும். இன்னொன்று: 2011இல் இந்த ஆற்றில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. குளிர்ந்த தெளிந்த தண்ணீர்தான் அதற்கும் பிடிக்கும், பாறை மேல் ஈரக் கம்பளி போர்த்தியது மாதிரி படரும். ஒரு துளித் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். வேறு ஆற்றுக்குப் போகுமுன் வேடர்ஸையும் பூட்ஸையும் கழுவி முழுசாகக் காய வையுங்கள். பால்கனியில் தொங்கவிட்டால் மார்ச் குளிரில் காயாது, உறையும். குளியலறைதான் வழி, அதற்கு வீட்டில் முன்னதாகவே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.