நெடுந்தூர வணிக ஜெட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கனடாவின் பம்பார்டியர் விமான நிறுவனத்தின் குளோபல் 7000, குளோபல் 7500 ஆகிய இரண்டில் எது பெரியது?

பதில்: இரண்டும் ஒரே விமானம். 2010இல் குளோபல் 7000 என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது, முதலில் சொல்லப்பட்டதைவிட அதிக தூரம் பறக்கும் என்பது சோதனைகளில் தெரிந்ததால், 2018 மே மாதத்தில் குளோபல் 7500 ஆனது.

கேள்வி: குளோபல் 7500 நிற்காமல் 12,300 கிலோமீட்டர் பறக்கும் என்று நாளிதழ் ஒன்றில் படித்தேன். வேறோர் இடத்தில் 14,000க்கு மேல் என்று இருக்கிறது. எது சரி? அதன் பத்தொன்பது இருக்கைகளும் நிறைந்திருந்தாலும் அவ்வளவு தூரம் போக முடியுமா?

பதில்: 14,000க்கு மேல் என்பதே சரி. நிறுவனம் சொல்லும் 7,700 என்ற எண் கடல் மைல் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் அது ஏறக்குறைய 14,260 கிலோமீட்டர் ஆகிறது. செய்தியை எழுதியவர் அதைத் தரை மைலாகக் கருதி 1.6ஆல் பெருக்கிவிட்டார். அந்த ஒரு பெருக்கலில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் காணாமல் போயிற்று. சென்னைக்கும் டெல்லிக்கும் இடையிலான வான்வழித் தூரமே அதைவிடக் குறைவு. விமானச் செய்தியில் ‘மைல்’ என்ற சொல்லைக் கண்டால் எந்த மைல் என்று கேளுங்கள் என இந்தப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

அலகு சரியானாலும் வேலை முடிந்துவிடவில்லை. விளம்பர ஏட்டில் தூரம் பெரிய எழுத்தில் இருக்கும், நிபந்தனைகள் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். நான் எந்த ஏட்டையும் அடியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். மாக் 0.85 வேகம் (மாக் 1 என்பது ஒலியின் வேகம்), எட்டுப் பயணிகள், காற்று இல்லாத வானம், மாற்று விமான நிலையத்துக்குச் செல்லத் தேவையான சேமிப்பு எரிபொருள் ஆகியவற்றை வைத்துத்தான் பொதுவாக அந்தப் பெரிய எண் கணக்கிடப்படுகிறது. இவ்விமானம் முழுச் சுமையுடன் கிளம்பும்போது ஏறக்குறைய 52 டன் எடை இருக்கும், அதில் 23 டன் எரிபொருள். தொட்டியை நிரப்பிய பிறகு ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது ஒரு டன் அளவுதான் என்பதால், பத்தொன்பது இருக்கைகளும் நிறைந்தால் தூரம் குறையவே செய்யும். வேகத்தைக் கூட்டினாலும் அப்படித்தான். போட்டி நிறுவனமான கல்ஃப்ஸ்ட்ரீமின் ஜி650 மாக் 0.85இல் 7,000 கடல் மைல் பறக்கும், மாக் 0.90 வேகத்தில் பறந்தால் அதே விமானத்தின் தூரம் 6,000 கடல் மைலாகிவிடுகிறது.

காற்று சாதகமாக இருந்தால் கணக்கு மறுபக்கமும் போகும். 2019 மார்ச் மாதத்தில் ஒரு குளோபல் 7500 சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் டூசான் நகருக்கு 8,152 கடல் மைல் நிற்காமல் பறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொன்று சிட்னியிலிருந்து டெட்ராய்ட் வரை, அதைவிடச் சற்று அதிகமான தூரம் சென்றது. இரண்டும் கிழக்கு நோக்கிப் பசிபிக்கைக் கடந்த பயணங்கள். எதிர்த்திசையில், குளிர்காலத்து எதிர்க்காற்றில் இதே எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. எரிபொருள், ஆட்கள், வேகம், காற்று ஆகிய நான்கையும் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்பவரிடம் விமானம் வாங்காதீர்கள், வாதமும் செய்யாதீர்கள்.

கேள்வி: அந்த விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டியதாமே? அப்படியானால் அது சூப்பர்சோனிக் ஜெட் அல்லவா?

பதில்: அல்ல. 2021 மே மாதத்தில் ஒரு சோதனை விமானம் மாக் 1ஐச் சற்றே தாண்டியது. சேவையில் அனுமதிக்கப்படும் உச்ச வேகத்துக்கு மேலும் போதிய பாதுகாப்பு இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செய்த சோதனை அது. 2022இல் இதன் அடுத்த வடிவமான குளோபல் 8000 அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட உச்ச வேகம் மாக் 0.94 மட்டுமே. சோதனை எண்ணையும் சேவை எண்ணையும் கலக்க வேண்டாம்.

கேள்வி: 2011இல் ஜி650 விழுந்தது எஞ்சின் பழுதால்தானே?

பதில்: விசாரணை அறிக்கை எல்லோரும் படிக்கும்படி வெளியாகியிருக்கிறது, அதைப் பாராமல் ‘தானே’ என்று முடிவு கட்டுவது சரியல்ல. 2011 ஏப்ரல் 2 அன்று நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் நகரில், ஒரு எஞ்சின் செயலிழந்தால் எப்படிப் புறப்படுவது என்பதை அளக்க, வலப்பக்க எஞ்சினின் உந்துவிசையை வேண்டுமென்றே குறைத்தார்கள். ஓடுபாதையை ஒட்டிப் பறக்கும்போது இறக்கை எந்தக் கோணத்தில் ஏற்றவிசையை இழக்கும் என்ற கணிப்பு தவறாக இருந்தது. புறப்பாட்டு வேகங்களையும் அந்தக் கணிப்பை நம்பியே வகுத்திருந்தார்கள். வலது இறக்கை ஏற்றவிசையை இழந்து அதன் நுனி ஓடுபாதையில் உரசியது. விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தார்கள். முந்தைய சோதனைகளில் இரண்டு முறை விமானம் எதிர்பாராமல் ஒருபுறம் சாய்ந்திருந்ததும், அதன் காரணம் சரியாக ஆராயப்படாததும் அதே அறிக்கையில் இருக்கின்றன. 2012 செப்டம்பரில் ஜி650 சான்றிதழ் பெற்றதை எழுதும் எவரும் இந்த நால்வரையும் குறிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: டஸோ ஃபால்கன் 7எக்ஸுக்கு மட்டும் ஏன் மூன்று எஞ்சின்?

பதில்: ஓர் எஞ்சின் நின்றாலும் இரண்டு மிஞ்சும் என்பதால், நீண்ட கடல்வழிகளுக்கும் குட்டையான ஓடுபாதைகளுக்கும் அது வசதி. அதன் பின்வந்த 8எக்ஸுக்கும் மூன்றுதான் என்பதால் ‘மட்டும்’ என்ற சொல்லை நீக்கிவிடுங்கள்.